நட்சத்திரப் படையோடு போன ஐவரி கோஸ்ட் ஜாம்பியாவிடம் கோப்பையை விட்டது எப்படி?

ட்ரோக்பா, துரே சகோதரர்கள், கெர்வின்யோ, கலூ என்று ஐரோப்பாவின் பெரிய கிளப் ஆட்டக்காரர்களை இத்தனை பேர் வைத்திருந்தும் 2012 ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை இறுதியில் ஐவரி கோஸ்ட் ஜாம்பியாவிடம் எப்படித் தோற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, உலகக் கோப்பையில் அபூர்வமாகத் தலைகாட்டும் எகிப்து மட்டும் ஆப்பிரிக்காவில் ஏழு முறை வென்றது எப்படி என்றும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது, அதனால் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐவரி கோஸ்ட்டுக்கு நியாயம் செய்துவிடுவோம். அந்த 2012 தொடரில் அவர்கள் ஒரு கோல்கூட வாங்கவில்லை. சூடான், புர்கினா ஃபாசோ, அங்கோலா, ஈக்வடோரியல் கினி, மாலி என்று வரிசையாக ஐந்து ஆட்டங்களையும் வென்று இறுதிக்கு வந்தார்கள். இறுதி ஆட்டமும் கூடுதல் நேரம் முடியும்வரை 0-0. பெனால்டி ஷூட்அவுட்டில் 8-7 என்று போனது. அப்படித் தோற்ற அணியை "நட்சத்திரங்கள் ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இவ்வளவு வலுவான அணியோடு 120 நிமிடம் சமமாக நிற்க ஜாம்பியாவால் எப்படி முடிந்தது?

அதற்கு இந்தத் தொடர் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் ஜனவரி மாதத்தில், ஐரோப்பிய லீக்குகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது நடக்கும். கிளப்புகள் தங்கள் ஆட்டக்காரர்களைக் கடைசி நாள்வரை பிடித்துவைத்துத்தான் அனுப்பும். லண்டனிலிருந்து ஒருவர், இஸ்தான்புல்லிலிருந்து ஒருவர், மான்செஸ்டரிலிருந்து இரண்டு பேர் என்று வந்து சேர்ந்து, சேர்ந்து பயிற்சி செய்யக் கிடைப்பதே சில நாட்கள். குளிரிலிருந்து நேராக வெக்கைக்குள் வந்து விழுவார்கள். புல்தரை அவர்களுக்குப் பழகியது மாதிரி இருக்காது. ஊருக்கு ஊர் பயணம் வேறு. இப்படிப்பட்ட தொடரில், ஏற்கெனவே ஒருவரையொருவர் நன்றாக அறிந்த பதினொரு பேர் இருந்தால் அவர்கள் பத்து அடி முன்னாலிருந்து ஓடத் தொடங்குகிறார்கள் என்று அர்த்தம். எகிப்தின் கதை முழுக்க இதுதான்.

எகிப்தின் ஏழு கோப்பைகளை ஒரே தட்டில் வைத்து எண்ணக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1957இல் கார்ட்டூமில் நடந்த முதல் தொடரில் ஆடியவை மூன்றே அணிகள்: எகிப்து, சூடான், எத்தியோப்பியா. நான்காவதாகத் தென்னாப்பிரிக்கா வந்திருக்க வேண்டும், ஆனால் வெள்ளையரும் கறுப்பரும் கலந்த அணியை அனுப்ப அந்த நாடு மறுத்துவிட்டதால் அதற்கு இடமில்லாமல் போனது. இறுதியில் எகிப்து எத்தியோப்பியாவை 4-0 என்று வென்றது, நான்கு கோலையும் போட்டவர் அத்-திபா என்று அழைக்கப்பட்ட ஒரே ஆள். 1959இல் கெய்ரோவில் நடந்தபோதும் அதே மூன்று அணிகள்தான். ஆக ஏழில் இரண்டு அப்படி வந்தவை. அப்புறம் 1986, 1998. மீதி மூன்றும் 2006, 2008, 2010 என்று தொடர்ச்சியாக வந்தவை. மூன்று முறை தொடர்ந்து வென்ற நாடு ஆப்பிரிக்காவில் வேறு எதுவும் கிடையாது. எனக்கு இந்த மூன்றுதான் முக்கியம்.

ஹசன் ஷெஹாத்தா பயிற்சியாளராக இருந்த அந்த அணியில் ஐரோப்பாவில் ஆடியவர்கள் மிகச் சிலர். பெரும்பாலானவர்கள் கெய்ரோவின் அல் அஹ்லி, ஸமாலெக் கிளப்புகளிலும் இஸ்மாயிலியா மாதிரியான ஊர்க் கிளப்புகளிலும் ஆடியவர்கள். அல் அஹ்லி அந்தக் காலத்தில் 2005, 2006, 2008 என்று மூன்று முறை ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கை வென்ற அணி. எகிப்தில் அந்தக் கிளப்புகளிடம் பணம் இருந்தது, மைதானம் நிறையக் கூட்டம் வந்தது, அதனால் நல்ல ஆட்டக்காரர் ஊரைவிட்டு ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பதினெட்டு வயதில் கொஞ்சம் நன்றாக ஆடினாலே பையன் பெல்ஜியத்துக்கோ பிரான்சுக்கோ போய்விடுவான். எகிப்தில் அபூத்ரிக்கா மாதிரி ஒரு மேதை கிட்டத்தட்டக் கடைசிவரை கெய்ரோவில் இருந்தே ஆடினார். வாரம்தோறும் சேர்ந்தோ எதிரெதிராகவோ ஆடியவர்கள் தேசிய அணியில் கூடும்போது, பந்தை யார் எங்கே எதிர்பார்ப்பார் என்பது பேசாமலே தெரியும். 2008இல் அவர்கள் கேமரூனை 4-2, அரையிறுதியில் இதே ஐவரி கோஸ்ட்டை 4-1 என்று அடித்ததைப் பாருங்கள். பெயர்ப் பட்டியலை வைத்து அந்த ஸ்கோரை யாராலும் கணித்திருக்க முடியாது.

ஷெஹாத்தாவின் அணியில் ஆள் பெயருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு 2006 அரையிறுதி ஒன்று போதும். கெய்ரோவில் செனகலுக்கு எதிராக 1-1 என்று போய்க்கொண்டிருந்தது. அப்போது இங்கிலாந்தில் டாட்டன்ஹாமுக்கு ஆடிய மிடோதான் அணியின் பெரிய பெயர். ஷெஹாத்தா அவரை வெளியே எடுத்தார். மிடோ மைதானத்தின் ஓரத்திலேயே, எல்லோர் கண்முன்னாலும், பயிற்சியாளரோடு வாய்ச்சண்டைக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக உள்ளே போன அம்ர் ஸாக்கி ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் தலையால் முட்டி வெற்றிக் கோலைப் போட்டார். மிடோவுக்கு ஆறு மாதத் தடை, இறுதி ஆட்டத்தில் இடமில்லை. அவர் இல்லாமலே இறுதியில் ஐவரி கோஸ்ட்டைப் பெனால்டியில் வென்றார்கள். கோல்கீப்பர் எஸ்ஸாம் எல் ஹதாரி ட்ரோக்பாவின் உதையைத் தடுத்தார்.

2010இல் இன்னும் விசேஷம். கெடோ என்ற ஆட்டக்காரர், அலெக்சாந்திரியாவின் ஒரு கிளப்பிலிருந்து வந்தவர், ஒரு ஆட்டத்தில்கூட முதல் பதினொன்றில் இல்லை. ஒவ்வொரு முறையும் மாற்று ஆளாக உள்ளே வந்து மொத்தம் ஐந்து கோல் போட்டுத் தொடரின் அதிக கோல் அடித்தவரானார். கானாவுக்கு எதிரான இறுதியின் ஒரே கோலும் அவருடையதுதான்.

சரி, அப்படியானால் உலகக் கோப்பைக்கு ஏன் போகவில்லை? இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. 1970இல்தான் ஆப்பிரிக்காவுக்கென்று தனியாக ஒரு இடமே கிடைத்தது. அதற்கு முன் 1966 உலகக் கோப்பைக்கு, ஆப்பிரிக்காவை வென்ற அணி ஆசியா-ஓஷியானியா வென்ற அணியோடு மோதித்தான் வர வேண்டும் என்று விதித்ததற்காக ஆப்பிரிக்க நாடுகள் ஒட்டுமொத்தமாகப் புறக்கணித்தன. பிறகு இரண்டு, மூன்று, ஐந்து என்று மெதுவாக இடங்கள் கூடின. எகிப்து வென்ற காலத்தில் ஐந்து குழுக்கள், ஒவ்வொன்றிலும் முதல் அணிக்கு மட்டும் இடம். மூன்று வாரம் ஒன்றாக இருந்து ஆடும் தொடரில் எகிப்தின் நெருக்கம் வேலை செய்யும். ஒரு வருடத்துக்கும் மேலாக இழுக்கும் தகுதிச் சுற்றில், ஒரே ஒரு மோசமான இரவு எல்லாவற்றையும் முடித்துவிடும். 2009 நவம்பரில் அல்ஜீரியாவோடு புள்ளிகளில் சமமாகி, சூடானின் ஓம்துர்மானில் தனி ஆட்டம் வைத்து அதில் 1-0 என்று தோற்று 2010 உலகக் கோப்பையை இழந்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஆப்பிரிக்கக் கோப்பை அரையிறுதியில் அதே அல்ஜீரியாவை 4-0 என்று அடித்தார்கள். 2006க்கான தகுதிச் சுற்றில் ஐவரி கோஸ்ட், கேமரூன் இருந்த குழுவிலேயே மாட்டிக்கொண்டார்கள். அந்தக் குழுவுக்கு அப்புறம் வருகிறேன், அங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது.

இந்த உள்ளூர் லீக் விளக்கத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அதன் பிறகு நடந்தது. 2011 புரட்சிக்குப் பின் நாடு கொந்தளிப்பில் இருந்தது. 2012 பிப்ரவரி 1ஆம் தேதி போர்ட் சயீத் மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் அல் அஹ்லி ரசிகர்கள் மீது தாக்குதல் நடந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆட்டக்காரர்களின் உடைமாற்றும் அறைக்குள்ளேயே ரசிகர்கள் உயிர்விட்டதைப் பார்த்த அபூத்ரிக்கா இனி ஆடமாட்டேன் என்று அன்றே சொன்னார், பிறகுதான் மனம் மாறித் திரும்பினார். லீக் நிறுத்தப்பட்டது. பிறகு நடந்தபோதும் வெற்று மைதானங்களில் நடந்தது. விளைவு என்ன? மூன்று முறை தொடர்ந்து வென்ற அணி, 2012 தொடருக்கான தகுதியைப் புரட்சி நடந்த 2011இலேயே இழந்திருந்தது, அடுத்து 2013, 2015 தொடர்களுக்கும் தகுதிகூடப் பெறவில்லை. வேர் காய்ந்ததும் மேலே இலை உதிர இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

இப்போது ஐவரி கோஸ்ட். நான் சொல்லும் விளக்கத்துக்கு இவர்கள் கொஞ்சம் இடைஞ்சலான உதாரணம், அதை மறைக்க விரும்பவில்லை. இவர்களும் ஒன்றாக வளர்ந்தவர்கள்தான். அபிஜானில் அசெக் மிமோசாஸ் கிளப்பில் ஜான்-மார்க் கியூ என்ற பிரெஞ்சுக்காரர் 1990களில் தொடங்கிய அகாடமியிலிருந்து கோலோ துரே, யாயா துரே, ஸோகோரா, கெர்வின்யோ, எபுவே, சாலமன் கலூ என்று ஒரு தலைமுறையே வந்தது. சின்னப் பையன்களாகச் சேர்ந்து, வெறுங்காலில் பந்தை அடக்கப் பழகியவர்கள். 1999இல் ஆப்பிரிக்க சூப்பர் கோப்பையில் அசெக் கிளப் தன் மூத்த ஆட்டக்காரர்களை விற்றுவிட்டு இந்தப் பதின்வயதுப் பிள்ளைகளை இறக்கி, துனிஸின் எஸ்பெரான்ஸ் அணியை 3-1 என்று தோற்கடித்தது. அப்படி ஒரு தொடக்கம். அப்புறம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டுக்குப் போனார்கள். தலைவரான ட்ரோக்பா அந்த அகாடமியில் வந்தவர் இல்லை, பிரான்சில் வளர்ந்தவர்.

அந்த அணியின் தோள்மேல் கால்பந்தைவிடப் பெரிய சுமை ஒன்று இருந்தது. 2002இலிருந்து நாடு உள்நாட்டுப் போரில் வடக்கு தெற்காகப் பிளந்து கிடந்தது. 2005 அக்டோபர் 8: நான் மேலே சொன்ன அந்தக் குழுவின் கடைசி நாள். ஐவரி கோஸ்ட் ஓம்துர்மானில் சூடானை 3-1 என்று வென்றது, ஆனால் அது மட்டும் போதாது, யவுண்டேயில் கேமரூன் எகிப்தை வெல்லாமல் இருக்க வேண்டும். அங்கே 1-1. ஆட்டத்தின் கடைசி நேரத்தில் கேமரூனுக்குப் பெனால்டி, பியர் வோமே அடித்தார், பந்து கம்பத்தில் பட்டுப் போனது. ஐவரி கோஸ்ட் முதல் முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. உடைமாற்றும் அறைக்குள் கேமராவைக் கூப்பிட்டு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு என்று எல்லாப் பகுதிகளிலிருந்தும் வந்த ஆட்டக்காரர்கள் சூழ நின்று, ட்ரோக்பா மைக்கைப் பிடித்து, ஆயுதங்களைக் கீழே போடுங்கள், தேர்தல் நடத்துங்கள் என்று கேட்டார், எல்லோரும் மண்டியிட்டார்கள். ஒரு கால்பந்து அணியால் போர் நின்றது என்று சொல்வது மிகை. 2007இல்தான் ஒப்பந்தம் வந்தது, 2010 தேர்தலுக்குப் பின் மறுபடி சண்டை வெடித்தது. ஆனால் 2007 ஜூனில் கிளர்ச்சியாளர்களின் தலைநகராக இருந்த புவாக்கே நகரில் தேசிய அணி போய் மடகாஸ்கரோடு ஆடியது நிஜம், அங்கே இரு தரப்பு ஆட்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்து பார்த்ததும் நிஜம்.

இப்படிப்பட்ட அணி கோப்பை வெல்ல வேண்டும் என்று யார்தான் ஆசைப்படமாட்டார்கள்? 2006 காலிறுதியில் கேமரூனைப் பெனால்டியில் 12-11 என்று தாண்டி, இறுதியில் எகிப்திடம் பெனால்டியிலேயே விழுந்தார்கள். 2008இல் மறுபடி எகிப்து. 2010 காலிறுதியில் அல்ஜீரியா கூடுதல் நேரத்தில் 3-2. ஒவ்வொரு முறையும் "இந்த முறை நிச்சயம்" என்ற எதிர்பார்ப்பு அவர்கள் முதுகில் கூடிக்கொண்டே போனது. 2012இல் அது உச்சத்தில் இருந்தது.

எதிரே வந்த ஜாம்பியா என்ன கொண்டுவந்தது என்பதைச் சொல்ல 1993க்குப் போக வேண்டும்.

ஜாம்பியா செப்புச் சுரங்க நாடு. அணிக்கு அங்கே வழங்கும் பெயரே சிப்போலோபோலோ, செப்புத் தோட்டா. 1988 சியோல் ஒலிம்பிக்கில் இத்தாலியை 4-0 என்று அடித்த அணி அது, அதில் மூன்று கோல் கலுஷா ப்வால்யாவுடையது. 1993இல் அந்தத் தலைமுறை உலகக் கோப்பைக்குப் போகும் என்று நாடே நம்பியது. ஏப்ரல் கடைசியில் மொரீஷியஸில் ஒரு ஆட்டத்தை வென்றுவிட்டு வந்து, உடனே செனகலோடு ஆட டக்கார் கிளம்ப வேண்டும். தனி விமானத்துக்குப் பணம் இல்லாததால் ராணுவத்தின் பஃபலோ விமானம். தூரம் அதிகம், அதனால் நடுவில் இறங்கி இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டும். ஏப்ரல் 27 இரவு கபோனின் லிப்ரவில்லில் எரிபொருள் நிரப்பிக் கிளம்பிய சில நிமிடங்களில் இடது எஞ்சினில் கோளாறு. விமானி தவறுதலாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது எஞ்சினை நிறுத்திவிட்டார். விமானம் கரைக்குப் பக்கத்திலேயே கடலில் விழுந்தது. முப்பது பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. அதில் பதினெட்டு பேர் ஆட்டக்காரர்கள். பயிற்சியாளர் காட்ஃப்ரி சிட்டாலு, அந்த நாட்டின் மிகப் பெரிய கோல்வேட்டைக்காரராக இருந்தவர், அவரும் போனார். விமானிக்கு ஓய்வில்லாக் களைப்பு, எச்சரிக்கை விளக்கில் பழுது என்பதெல்லாம் அறிக்கையாக வெளிவரவே 2003 ஆனது. விமானத்தில் இல்லாததால் தப்பியவர்களில் ஒருவர் கலுஷா. அவர் நெதர்லாந்தில் ஆடிக்கொண்டிருந்தார், நேராக டக்கார் வருவதாக ஏற்பாடு.

இறந்தவர்களை லுசாகாவில் சுதந்திர மைதானத்தின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. நாடெங்கும் ஆள் தேடி, மிச்சமிருந்தவர்களைச் சேர்த்து, டென்மார்க்கில் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து ஒரு புது அணி. கலுஷா கேப்டன். ஜூலையில் லுசாகாவில் மொராக்கோவை 2-1 என்று வென்றார்கள். அக்டோபரில் காசாபிளாங்காவில் சமன் செய்தாலே உலகக் கோப்பை, 1-0 என்று தோற்றார்கள். 1994 ஏப்ரலில், விபத்து நடந்து ஒரு வருடம்கூட நிறைவடையாத நிலையில், துனிஸில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் நின்றார்கள். லிட்டானா முதல் கோலைப் போட்டார். பிறகு நைஜீரியாவின் அமுனிக்கே இரண்டு போட்டு 2-1 என்று முடித்தார்.

இனி 2012. தொடர் கபோனிலும் ஈக்வடோரியல் கினியிலும் சேர்ந்து நடந்தது. ஜாம்பியாவின் ஆட்டங்கள் எல்லாம் ஈக்வடோரியல் கினியில். இறுதி ஆட்டம் மட்டும் லிப்ரவில்லில். அதாவது கோப்பையின் கடைசி நாள்வரை வந்தால்தான் அவர்கள் அந்த ஊருக்கே வர முடியும். முதல் ஆட்டத்தில் செனகலை 2-1, காலிறுதியில் சூடானை 3-0, அரையிறுதியில் கானாவை 1-0. அந்த அரையிறுதியில் அசமோவா கியான் அடித்த பெனால்டியைக் கோல்கீப்பர் கென்னடி ம்வீனே தடுத்தார், கடைசியில் மாயுக்கா உள்ளே வந்து கோல் போட்டார். லிப்ரவில் வந்ததும் அணி முழுக்கக் கடற்கரைக்குப் போய், அலைகளில் மலர் வைத்துப் பாடினார்கள். கலுஷா அப்போது அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத் தலைவர், அவரும் கூட நின்றார்.

அணியில் யார் யார்? கேப்டன் கிறிஸ்டோபர் கட்டோங்கோ சீனாவில் ஒரு கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். ம்வீனே தென்னாப்பிரிக்காவில். சுன்ஸு, கலாபா, ஹிமூண்டே மூவரும் எல்லைக்கு அந்தப் பக்கம் காங்கோவின் லுபும்பாஷியில் இருக்கும் டிபி மாஸெம்பே கிளப்பில். உள்ளூர்க் கிளப்புகளிலிருந்தும் சிலர். எகிப்து மாதிரி பணக்கார லீக் இல்லை, ஆனால் பெரும்பாலானவர்கள் ஆப்பிரிக்கச் சூழலை விட்டு விலகாதவர்கள், பல வருடம் ஒன்றாகவே வந்தவர்கள். 2010 காலிறுதியில் நைஜீரியாவிடம் பெனால்டியில் தோற்றபோதும் இதே முகங்களில் பல இருந்தன, பயிற்சியாளரும் அதே எர்வே ரெனார். நடுவில் அங்கோலாவுக்குப் போய்விட்டுத் திரும்பிவந்தவர். ஒரு காலத்தில் பிரான்சில் குப்பைத்தொட்டிகள் சுத்தம் செய்து பிழைத்தவர். ஐரோப்பாவில் பெரிய பெயர் இல்லாத அவரும் பெரிய பெயர் இல்லாத அவர்களும் நன்றாகப் பொருந்திப்போனார்கள் என்றே நினைக்கிறேன்.

இறுதியின் தொடக்கத்திலேயே தடுப்பாட்டக்காரர் ஜோசப் முசோண்டா காயப்பட்டு அழுதபடி வெளியேறினார். 70ஆவது நிமிடம் கெர்வின்யோவை வீழ்த்தியதற்கு ஐவரி கோஸ்ட்டுக்குப் பெனால்டி. ட்ரோக்பா அடித்தார், பந்து கம்பிக்கு மேலே பறந்தது. கூடுதல் நேரத்தில் கட்டோங்கோ அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பிறகு ஷூட்அவுட். இந்திய நேரப்படி அது நள்ளிரவு தாண்டிய நேரம். ஜாம்பியா ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் சேர்ந்து மண்டியிட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் உதை, மறுபக்கம் பாட்டு. ஏழுக்கு ஏழு. கோலோ துரேயின் உதையை ம்வீனே தடுத்தார். அதே இடத்தில் கலாபா வென்றிருக்கலாம், மேலே அடித்துவிட்டார். அடுத்து கெர்வின்யோ, அவரும் மேலே. அப்புறம் சுன்ஸு நடந்துவந்தார், பாடிக்கொண்டே வந்தார், போட்டார்.

எல்லோரும் துள்ளிக்கொண்டிருக்கும்போது ரெனார் நேராக ஓரத்தில் இருந்த முசோண்டாவிடம் போய், நடக்க முடியாத அவரை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் சேர்த்தார். அந்தத் தொடரில் எனக்கு மறக்காத காட்சி அதுதான்.

ஆக உங்கள் கேள்விக்கு என் பதில்: ஐவரி கோஸ்ட் மோசமாக ஆடவில்லை. ஒரே ஒரு உதையில் தோற்றது. ஆனால் அந்த உதைவரை ஆட்டத்தை இழுத்துவர ஜாம்பியாவுக்கு வலு கொடுத்தது அவர்களின் பழக்கமும் அந்தக் கடற்கரையும். ஒருபக்கம் ஆறு வருட எதிர்பார்ப்பின் பாரத்தோடு கால் வைத்தவர்கள், இன்னொரு பக்கம் இழக்க எதுவும் இல்லாமல் யாரோ முப்பது பேருக்காக ஆடியவர்கள். பெனால்டி புள்ளியில் நிற்கும்போது இது வித்தியாசத்தைத் தரும் என்று நான் நம்புகிறேன். அளந்து நிரூபிக்கக்கூடிய விஷயம் இல்லைதான்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. ஐவரி கோஸ்ட் தங்களைத் தோற்கடித்த ரெனாரையே 2014இல் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. ட்ரோக்பா ஓய்வு பெற்றுவிட்டார், கேப்டன் யாயா துரே. 2015 இறுதி, பாட்டா நகரம், எதிரே கானா, மறுபடியும் 0-0, மறுபடியும் ஷூட்அவுட். முதல் இரண்டு உதைகளையும் ஐவரி கோஸ்ட் தவறவிட்டது. 2012இல் தவறவிட்ட கெர்வின்யோவால் பார்க்கவே முடியவில்லை, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கானாவும் இரண்டைத் தவறவிட, இரு பக்கமும் பத்துப் பத்துப் பேர் அடித்து முடித்து, கடைசியில் கோல்கீப்பர்கள் ஒருவருக்கொருவர் அடிக்க வேண்டிய நிலை. ஐவரி கோஸ்ட் கோல்கீப்பர் புபக்கர் பாரி அந்தத் தொடரில் முதல் தேர்வே இல்லை, இன்னொருவருக்குக் காயம் பட்டதால் இறங்கியவர். 2012 இறுதியில் கோலில் நின்று தோற்றவரும் அவர்தான். காலில் தசைப்பிடிப்போடு விழுந்து விழுந்து எழுந்தவர், எதிர் கோல்கீப்பரின் உதையைத் தடுத்து, பிறகு தானே போட்டு 9-8 என்று முடித்தார். இரண்டு வெவ்வேறு நாடுகளுக்கு இந்தக் கோப்பையை வென்றுகொடுத்த முதல் பயிற்சியாளர் ஆனார் ரெனார்.

ஜாம்பியாவுக்கு அதன்பிறகு ஏறுமுகம் இல்லை. 2013இலும் 2015இலும் முதல் சுற்றோடு வெளியேறி, அடுத்த மூன்று தொடர்களுக்கும் தகுதி பெறாமல், 2024 ஜனவரியில்தான் திரும்பி வந்தார்கள். அந்தத் தொடரை நடத்தியது ஐவரி கோஸ்ட். நடத்தும் நாடு ஈக்வடோரியல் கினியிடம் 4-0 என்று மானம்போகத் தோற்று, தொடரின் நடுவிலேயே பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, பிரான்ஸ் பெண்கள் அணியின் பயிற்சியாளராக இருந்த ரெனாரைச் சில வாரங்களுக்குக் கடனாகக் கேட்டது. பிரான்ஸ் மறுத்துவிட்டது. மூத்த அணி ஒன்றுக்கு அதுவரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தே இராத எமெர்ஸ் ஃபாயே, 2006இல் எகிப்திடம் தோற்ற அந்த அணியில் இருந்தவர், பொறுப்பேற்றார். ஐவரி கோஸ்ட் அடுத்த சுற்றுக்குப் போக இன்னொரு குழுவில் ஜாம்பியா மொராக்கோவிடம் தோற்றாக வேண்டும். தோற்றது, 1-0. அந்த ஒரு முடிவால் உயிர்பிழைத்த ஐவரி கோஸ்ட், செனகலைப் பெனால்டியில் தாண்டி, அந்தப் பழைய புவாக்கே நகரில் பத்துப் பேரோடு மாலியை 120 நிமிடம் தாண்டிய கடைசி நொடிகளில் வென்று, இறுதியில் நைஜீரியாவை 2-1 என்று தோற்கடித்துக் கோப்பையை எடுத்தது. வெற்றிக் கோலைப் போட்டவர் ஒன்றரை வருடம் முன்பு புற்றுநோய்க் கட்டிக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த செபாஸ்டியன் அலே.

மொராக்கோ ஜாம்பியாவை வென்ற அன்று இரவு ஐவரி கோஸ்ட் ரசிகர்கள் மொராக்கோ கொடியைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஆடினார்கள்.